கதவைத் தட்டிய மாணவன்

பட்டிமன்றத் தலைப்பு: மாணவனை உயர்த்துவது அன்றாடம் பாடம் நடத்தும் ஆசிரியரா? ஒரு நாள் வந்து பேசும் அறிஞரா?
இடம்: உத்தமபாளையம்

  

எனக்கு முன்னாலே பேசிய அம்மா அழகா ஒண்ணு சொன்னாங்க. "விருந்தாளி ஒரு வேளை வந்து சாப்பிட்டுப் போயிடுவார். முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் ஆக்கிப் போடறது அம்மாதான். அந்த அம்மாதான் வகுப்பாசிரியர்" என்றார்கள். நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா அம்மா, அந்த விருந்தாளி வர்ற அன்னைக்குத்தானே நம்ம வீட்டுலே வடை, பாயசம்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, ஆசிரியரைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. புத்தகத்தில் உள்ளதை அவர் தருகிறார். ஆனால் அந்தப் புத்தகமே பழசாகிப் போச்சுன்னா, அதை யார் வந்து சொல்வது? வெளியே இருந்து ஒருவர் வர வேண்டாமா?

1928-ஆம் ஆண்டு. சென்னை மாநிலக் கல்லூரி. ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து பேராசிரியர் சாமர்ஃபெல்டு வந்து பேசுகிறார். அணு ஆராய்ச்சியிலே உலகப் புகழ் பெற்றவர். கூட்டத்திலே ஒரு மாணவன். பதினெட்டு வயசுப் பையன்னு வச்சுக்குங்களேன். சாமர்ஃபெல்டு எழுதிய புத்தகத்தைத் தானாகவே படித்து முடித்தவன். கூட்டம் முடிஞ்சதும் அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனான். ஆனா மறுநாள் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய் அவரைப் பார்த்தான்.

"ஐயா, உங்க புத்தகத்தைப் படிச்சிருக்கேன்" என்கிறான். பெரியவர் பாராட்டுவார் என்றுதானே நாம நினைப்போம்? அவர் என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் புத்தகத்துக்குப் பிறகு இயற்பியலே மாறிப் போச்சு என்று சொன்னார். ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் என்று புதியவர்கள் செய்ததை எல்லாம் எடுத்துச் சொன்னார். அதோடு விட்டாரா? அச்சுக்குப் போயிருந்த தன்னுடைய கட்டுரையின் புரூஃபையே பையன் கையிலே கொடுத்தார்.

பையன் அதைப் படித்தான். தானே ஒரு கட்டுரை எழுதினான். 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழிலே அது வெளிவந்தது. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினான். விண்மீன் எந்த எடை வரைக்கும் வெண்குள்ளனாக நிலைத்திருக்கும் என்ற கணக்கைக் கப்பலிலேயே போட்டான். 1983-இல் நோபல் பரிசு! அந்தப் பையன்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். (கைதட்டல்)

"ஒரே ஒரு ஆளை வச்சு வழக்காடாதீங்க" என்று எதிரணி சொல்லும். இன்னொன்றும் சொல்கிறேன். அல்லாடி ராமகிருஷ்ணன் என்ற பேராசிரியர் சென்னையிலே தன் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி இயற்பியல் பேசிக் கொண்டிருந்தார். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் வந்தார். அணுவுக்கே படம் வரைந்து காட்டியவர்! அந்த மாணவர்களைப் பார்த்து மனம் திறந்து பாராட்டினார். அந்தப் பாராட்டு பிரதமர் நேருவின் காதுவரை போனது. அன்றைய கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3-இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்க விழாவுக்கு வந்த விருந்தினர் யார்? அன்று கதவைத் தட்டிய அதே சந்திரசேகர்! (கைதட்டல்)

இந்த ஊர் மக்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். நம்ம கம்பம் பள்ளத்தாக்கிலே 14,707 ஏக்கர் இருபோக நெல். அதில் 11,807 ஏக்கர் உத்தமபாளையம் தாலுகாவிலே. அந்தத் தண்ணி எங்கே பெய்த மழை? மலைக்கு அந்தப் பக்கம் பெய்தது! 1895-இல் பென்னி குயிக் அணையைக் கட்டி, மலையைக் குடைந்து கொண்டு வந்தார். உள்ளூர் உழவர்தான் உழுதார், நட்டார், களை எடுத்தார். ஆனா தண்ணி வெளியே இருந்து வந்தது அய்யா!

நமக்கும் 1956-லேயே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி வந்தாச்சு. உழவர் வீட்டிலே இருந்து முதல் ஆளாக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் நம்ம பக்கம் நிறைய. பெரிய ஆராய்ச்சிக்கூடத்தை அந்தப் பிள்ளை எங்கே போய்ப் பார்க்கும்? ஒரு அறிஞர் இந்த ஊருக்கு வந்தால்தான் உலகமே வந்த மாதிரி.

ஆனா பொதுவா நம்ம நாட்டு விழாவிலே என்ன நடக்குது? வரவேற்புரை முக்கால் மணி நேரம். சால்வை போட பதினைந்து பேர். அறிஞர் மைக்கைப் பிடிக்கும்போது மணி ஒண்ணரை. கூட்டம் முழுக்க சாம்பார் வாசனையிலே இருக்கு! (சிரிப்பு) பேசி முடிச்சதும் போட்டோ, சாப்பாடு, கார். ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தா, "சார் ரெஸ்ட் எடுக்கிறார், போப்பா" என்கிறோம். அன்னைக்கு அந்த ஓட்டல் வாசலிலே ஒருத்தர் நின்னு இப்படிச் சொல்லியிருந்தால்?

அணையிலே எவ்வளவு தண்ணி நின்னாலும் மதகைத் திறந்தால்தான் வயலுக்கு. சால்வையைக் குறையுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்க அரை மணி நேரம் கொடுங்கள். பெற்றோர்களே, "பெரியவங்க கிட்டே வாயைத் திறக்காதே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "போய்க் கேளு" என்று சொல்லி அனுப்புங்கள்.

உழவர் உழுது வைத்த நிலத்துக்கு உயிர் தருவது வந்து சேரும் தண்ணீர். அதுபோல மாணவனை உயர்த்துவது ஒரு நாள் வந்து பேசும் அறிஞரே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டுக் கொள்கிறேன்.