ஹார்வர்ட் தோட்டமும் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும்



ஹார்வர்ட் என்றதும் கெடா மாநிலத்தில் நமக்கு நினைவுக்கு வருவது பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டம்தான். அமெரிக்காவிலும் அதே பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் பிறந்து, அங்கே சென்று படித்த ஓர் ஆராய்ச்சியாளரின் பாதையை இன்று பார்ப்போம். அவர் பெயர் கும்பட்டி நரேந்திரா. துறை, கட்டுப்பாட்டுப் பொறியியல். இயந்திரங்கள் தாமாகவே சரிவர இயங்குவதற்கு வழி காணும் கல்வி அது.

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். ரப்பர் தாள்களைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அங்கே காவல் இருப்பவர் என்ன செய்வார்? வெப்பமானியைப் பார்ப்பார். சூடு குறைந்தால் விறகு போடுவார். 60 பாகையைத் தாண்டப் பார்த்தால் காற்றுவழியைத் திறந்து தணிப்பார். பார்ப்பது, ஒப்பிடுவது, திருத்துவது, மறுபடி பார்ப்பது என்ற இந்தச் சுற்றுக்குத்தான் பின்னூட்டம் என்று பெயர். 1788இல் ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்தின் வேகத்தைச் சீராக்க இதே முறையில் ஒரு கருவியைப் பொருத்தினார். 1868இல் மேக்ஸ்வெல் என்ற அறிஞர் அத்தகைய கருவிகளின் கணக்கை ஆராய்ந்து எழுதினார்.

இதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. பால்மரம் வெட்டும் நம் தாய்மாரின் கையை எண்ணிப் பாருங்கள். பட்டையின் தடிப்பு மரத்துக்கு மரம் வேறு. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும், மேலாக வெட்டினால் பால் குறையும். ஒவ்வொரு மரத்திலும் அந்தக் கை தன் பழக்கத்தையே மாற்றிக்கொள்கிறது. இயந்திரமும் இப்படித் தன்னை மாற்றிக்கொள்ள முடியுமா? மாற்றிக்கொள்ளும்போது தடம் புரளாமல் இருக்குமா? நரேந்திரா பல ஆண்டுகள் ஆராய்ந்த கேள்வி இதுதான்.

இது ஏட்டுக் கேள்வி அன்று. 1967 நவம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவின் எக்ஸ்-15 விமானம் நொறுங்கி, விமானி மைக்கேல் ஆடம்ஸ் உயிரிழந்தார். அதிலே தன்னை மாற்றிக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தது. விமானத்தின் ஆட்டத்தை அடக்க வேண்டிய நேரத்தில் அது அடக்கவில்லை. அதுவும் விபத்துக்கு ஒரு காரணம். கருவி சில தடவை நன்றாக வேலை செய்தது என்றால் போதாது, எப்போதும் நிலை தவறாது என்பதற்கு நிரூபணம் வேண்டும் என்பதை அந்த விபத்து உணர்த்தியது.

நரேந்திரா 1933இல் பிறந்தவர். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார். 1955இல் ஹார்வர்டில் முதுகலை, 1959இல் முனைவர் பட்டம். அங்கேயே ஆசிரியராக இருந்து, 1965இல் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1968இல் பேராசிரியரானார். முதற் பட்டத்திலிருந்து பேராசிரியர் பதவி வரை 14 ஆண்டுகள்! அந்த நிரூபணத்தை அவரும் உடன் உழைத்த இருவரும் வெளியிட்டது 1980இல். வேறு ஆராய்ச்சியாளர்களும் அதே ஆண்டில் தனித்தனி வழியில் அதே முடிவுக்கு வந்தார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. அந்த இருவருள் ஒருவரான லீனா வலவானி வேறு மூவருடன் சேர்ந்து 1982இல் ஒரு குறையை எடுத்துக் காட்டினார். கணக்கில் சேராத சிறிய அசைவுகள் இயந்திரத்தில் இருந்தால் நிலை தவறக்கூடும் என்பதே அது. தம்முடைய முடிவின் எல்லையைத் தாமே சோதித்துச் சொல்வதும் ஆராய்ச்சியாளரின் கடமை. அதன் பிறகுதான் அத்தகைய அசைவுகளையும் தாங்கும் முறைகளைப் பலர் தேடினார்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர்களும் கேளுங்கள். நரேந்திராவின் மாணவி அனுராதா அண்ணாசாமி 1985இல் யேலில் முனைவரானார். ஆசிரியரும் மாணவியும் சேர்ந்து எழுதிய நூல் 1989இல் வெளிவந்தது. பிற்காலத்தில் அவர் 2020இல் கட்டுப்பாட்டுத் துறையின் உலகளாவிய சங்கத்துக்குத் தலைவராகவும் விளங்கினார்.

“அதெல்லாம் சரி, பதினேழு வயதில் பையன் கூலிம் தொழிற்சாலைக்குப் போனால் இந்த மாதமே சம்பளம் வருமே” என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வீட்டில் உலை வைக்க வேண்டியவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். ஆனால் இந்தப் படிப்பு ஒரே தாவலில் ஏற வேண்டிய மரமல்ல, படிக்கட்டு. ஜித்ரா பாலிடெக்னிக்கில் டிப்ளோமா பெற்றவர் தொழில்நுட்பராக வேலை செய்யலாம். அடுத்த படி பட்டப் படிப்பு. நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும், பீடோங்குக்கு அருகே சிமிலிங்கில் 2001இல் நிறுவப்பட்ட எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதற்கும் மேலே முதுகலை, முனைவர் பட்டம். பிறகு விரிவுரையாளர், மூத்த விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர். எல்லாரும் உச்சிப் படியை எட்டுவதில்லை. ஆனாலும் ஏறிய படிக்கு ஏற்ற வேலை உண்டு.

“தானியங்கி இயந்திரம் வந்தால் நம் பிழைப்பு போகுமே” என்ற அச்சமும் பொய்யன்று. ஆலைகளில் பல கைகளின் வேலையை ஒரு கருவி செய்யத்தான் செய்கிறது. பால்மரம் வெட்டும் கையின் இடத்தை மட்டும் எந்த இயந்திரமும் இன்னும் பரவலாகப் பிடித்துவிடவில்லை. நாளை அப்படி ஒன்று வருமானால், அதை வடிவமைக்கும் மேசையில் அந்தக் கையின் அருமை தெரிந்த வீட்டுப் பிள்ளையும் இருக்க வேண்டாமா?

பெற்றோர்களே, பிள்ளை நான்காம் படிவத்துக்குப் போகுமுன் ஆசிரியரை ஒரு தடவை நேரில் பாருங்கள். கூடுதல் கணிதமும் பௌதிகமும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த இரண்டு பாடங்களை விட்டுவிட்டால், பிறகு இந்தப் படிக்கட்டின் கதவைத் திறப்பது கடினம். இந்த ஆண்டே கேட்டுவிடுங்கள்.