ஊர் என்ன சொல்லும்?

(சேந்தமங்கலத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் படிக்கப்பெற்ற பிரசங்கம்)



நம் குடும்பங்களில் ஒரு கலியாணம் நிச்சயமாகும் விதத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். கூடத்தில் ஜமக்காளம் விரித்து இரு வீட்டாரும் அமர்ந்திருக்கிறார்கள். பிள்ளையைப் பெற்றவர், "எங்களுக்கு ஒன்றும் வேண்டாங்க, சம்பந்தி; உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்; ஊர் பார்த்து மதிக்கும்படி இருந்தால் போதும்" என்கிறார். பெண்ணைப் பெற்றவரோ, "நாலு பேர் செய்வதற்குக் குறையாமல் செய்துவிடுகிறோமுங்க" என்று விடை பகர்கிறார். அந்த நாலு பேரும் அக்கூடத்தில் இல்லை. அந்த ஊரும் அங்கே இல்லை. ஆயினும் எத்தனை சவரன், என்ன வண்டி, எந்த மண்டபம் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவர்கள் அங்கே இல்லாத அவர்களே. பெண் வீட்டார் கொல்லிமலை அடிவாரத்துக் காட்டை அடமானம் வைக்கிறார்கள். பிள்ளை வீட்டாரோ, தம் பெண்ணுக்கு முன்னர் வாங்கிய கடனை இந்தச் சீரைக்கொண்டு அடைக்க எண்ணுகிறார்கள். இரு திறத்தாரும் தனியே பேசுகையில், "இந்த வழக்கம் ஒழிந்தால் நல்லது" என்றே சொல்லக் கேட்கிறோம்.

தனித்தனியே வெறுக்கும் ஒன்றைக் கூடி நின்று காப்பாற்றுவது எங்ஙனம்? இதுவே நாம் இன்று ஆலோசிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

இது பூர்விக ஆசாரம் என்று சிலர் சாதிக்கிறார்கள். அது சரியன்று. இந்நாட்டுக் குடியானவர் வகுப்புக்கள் பலவற்றில் முன்னாளில் பிள்ளை வீட்டாரே பரிசப் பணம் கொடுத்துப் பெண் கொண்டனர். பரிசம் என்னும் சொல் இன்றும் நம் வாயில் இருக்கிறது. பணம் போகும் திசை மட்டும் மாறிவிட்டது. உத்தியோகமும் படிப்பும் பெற்ற மாப்பிள்ளைகளுக்குச் சிலர் கொடுக்கத் தொடங்கியதைக் கண்டு மற்றையோரும் தொடர்ந்தனர். ஒரு தலைமுறை கழிவதற்குள் அது "நம் வழக்கம்" என்று பெயர் பெற்றுவிட்டது.

அதன் விலையை இந்த ஜில்லா நன்கறியும். பெற்ற பெண் சிசுக்களைக் கைவிடாமல் காக்கும்பொருட்டு மாகாண அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ஆம் ஆண்டில் முதன்முதல் தொடங்கியது சேலம் ஜில்லாவிலேதான். அப்பொழுது நம் நாமக்கல்லும் சேந்தமங்கலமும் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவையே. 2001ஆம் ஆண்டின் குடிக்கணக்கில், ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் தமிழ்நாட்டில் 942 பேர். சேலம் ஜில்லாவில் 851 பேரே. பிறந்த நாளன்றே பெண்ணுக்கு விலை கணக்கிடப்பட்டதன் பயன் இது. வறுமை மட்டுமே காரணமென்றால் ஏழைகள் உள்ள எல்லா ஜில்லாக்களும் இப்படியே இருந்திருக்க வேண்டும்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961 முதல் இருக்கிறது. வாங்கியவரோடு கொடுத்தவரையும் அது குற்றவாளியாக்குகிறது. ஆகவே புகார் சொல்லத் துணிபவர் யார்?

கூட்டத்தின் வலிமையைச் சாலமன் ஆஷ் என்னும் மனோதத்துவ அறிஞர் அமெரிக்காவில் சோதித்து 1951இல் வெளியிட்டார். ஒரு கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு மூன்றில் எது என்பதுதான் கேள்வி, சிறுவனும் சொல்லிவிடுவான். அறையில் இருந்தவர்களில் ஒருவர் தவிர மற்றையோர் முன்னேற்பாட்டின்படி தவறான விடை கூறினர். அந்த ஒருவர், தம் கண்ணால் கண்டதை விட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேளைகளில் அவர்களோடு சேர்ந்து தவறே சொன்னார். கூட்டத்தில் உண்மை சொல்லும் துணைவர் ஒருவர் மட்டும் கிடைத்தபோதோ, அத்தவறு முன்னிருந்ததில் கால் பங்காகக் குறைந்தது. கோட்டின் நீளத்திலேயே இப்படியென்றால், மகளின் வாழ்வு நடுவே நிற்கும்போது நம்மவர் தனியே எதிர்த்து நிற்பாரா?

ஆனால் கலியாண விஷயத்தில் துணைவர் ஒருவர் போதார். சீர் இன்றிப் பெண் கொடுக்க ஒரு வீட்டார் துணிந்தாலும், சீர் இன்றிப் பெண் எடுப்பவர் வேண்டுமல்லவா? சீனரின் கதை இங்கே நமக்கு நேராகப் பொருந்துகிறது. அங்கே சிறுமியரின் பாதங்களை ஒடித்துக் கட்டிச் சிறுக்கவைக்கும் கொடிய வழக்கம் பல நூற்றாண்டுகள் நிலவியது. மஞ்சு சக்கரவர்த்தி 1662இல் அதைத் தடைசெய்தார். பயனின்றி 1668இல் அந்தத் தடையைக் கைவிட நேர்ந்தது. கட்டாத காலுள்ள பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்ற அச்சமே காரணம். எந்தத் தாயும் மகளின் அழுகையை விரும்பிக் கட்டவில்லை. 1874இல் அமோய் நகரில் ஜான் மெக்கோவன் என்னும் பாதிரியார் பெண்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். பின்னர் எழுந்த சங்கங்களில் குடும்பத்தார் இரண்டு வாக்குறுதிகள் தந்தனர்: நம் பெண்ணின் காலைக் கட்டோம், கால் கட்டிய பெண்ணை நம் பிள்ளைக்குக் கொள்ளோம். இரண்டாவது வாக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே காலத்தில் கையெழுத்திட்டமையால் எவருக்கும் தனி நஷ்டம் இல்லை. சக்கரவர்த்தியால் ஆகாதது, பெரும்பாலான இடங்களில், ஏறத்தாழ ஒரு தலைமுறையில் ஆயிற்று.

தமக்குள் கொண்டு கொடுக்கும் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் ஒரே பதிவேட்டில் இருப்பது எங்கே? நம் சங்கத்தில்தான். சங்கம் என்றால் வருஷத்துக்கொரு விருந்தும் மாணவர்க்குப் பரிசும் மட்டுமே என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கும்படி வேண்டுகிறோம். கலியாணப் பேச்சில் கண்ணுக்குத் தெரியாமல் வந்து அமரும் அந்த ஊர் வேறெங்கும் இல்லை, இப்பந்தலில்தான் இருக்கிறது.

ஆகையால் இக்கூட்டத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். சீர் பேசிப் பெண் கொடோம், சீர் பேசிப் பெண் கொள்ளோம் என்னும் இரு வாக்கியங்களும் எழுதிய புத்தகம் காரியதரிசியின் மேஜைமேல் இருக்கிறது. ஒன்றில் மட்டும் கையெழுத்திட இடமில்லை. 100 குடும்பங்கள் சேரும்வரை அது எவரையும் கட்டாது. முதலில் ஒப்பமிட்டவர் தனித்து அவதிப்படலாகாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நூறாவது பெயர் சேர்ந்த மாதத்தில் எல்லாப் பெயர்களும் இவ்விதழில் அச்சாகும். பிள்ளைகளைப் பெற்றவர்கள் முதலில் வருமாறு கேட்டுக்கொள்கிறோம். பெண்ணை மட்டும் பெற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.