ஒரே குறை, வாசலுக்கொரு விதி
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு முதலாளி ஒரு தொழிலாளியின் கூலியில் ஐந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டால் அவன் கோர்ட்டுக்குப் போவானா? வக்கீல் கட்டணமே அதைவிட அதிகம். பத்தாயிரம் பேரிடம் பிடித்தால்? கொள்ளை ஐம்பது லட்சம். வழக்கோ ஒன்றுகூட இராது! இந்தக் கணக்கை உடைக்க வந்ததுதான் கூட்டு வழக்கு. ஒருவர் எல்லோருக்காகவும் வழக்காடுவார். தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் இது கூர்மையான ஆயுதம். ஆனால் அங்கே 50 மாநிலங்களுக்கும் தனித்தனி நீதிமன்றங்கள், தனித்தனி விதிகள். மத்திய நீதிமன்றங்களின் 23ஆம் விதி 1966இல் திருத்தி எழுதப்பட்டது. பெரும்பாலான மாநிலங்கள் அதையே பின்பற்றின, எல்லாம் அல்ல.

கலிபோர்னியாவில் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு சிறு பிரிவுதான் அடிப்படை. லாஸ் ஏஞ்சல்ஸ் டாக்சி கம்பெனி ஒன்றின் மீட்டர்கள் கூடுதல் கட்டணம் காட்டின என்று வழக்கு வந்தது. பயணிகள் இன்னார் இன்னார் என்று தெரியாவிட்டாலும் கூட்டு வழக்கு செல்லும் என்று 1967இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. கடைசியில் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து ஈடுகட்ட நேர்ந்தது.

நியூயார்க்கின் 1975ஆம் ஆண்டு விதியோ, சட்டம் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, அபராதத் தொகை கோரிக் கூட்டு வழக்கு நடத்தக்கூடாது என்கிறது. அதே வழக்கை மத்திய நீதிமன்றத்தில் நடத்தலாம் என்று 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் ஒன்று, குறை ஒன்று. வாசல் மாறினால் விதி மாறுகிறது! மிசிசிப்பியோ 1982இல் சிவில் விதிகளைக் கொண்டுவந்தபோது கூட்டு வழக்கு விதியையே சேர்க்கவில்லை.

2005இல் வந்த சட்டம், 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பல கூட்டு வழக்குகளை மாநில நீதிமன்றத்திலிருந்து மத்திய நீதிமன்றத்துக்கு இழுத்துச் செல்லக் கம்பெனிகளுக்கு வழி திறந்தது. வாசலைத் தேர்ந்தெடுக்கும் வலிமை யாருக்கு என்பதே அங்கு சண்டை.

பிழைக்க வந்த நமக்கு இதில் என்ன பாடம்? நம் நாட்டில் 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் முதல் ஆணை, எட்டாம் விதி இருக்கிறது. ஒரே அக்கறை கொண்ட பலருக்காக, கோர்ட்டின் அனுமதியோடு, ஒருவரோ சிலரோ வழக்காடலாம். மும்பையானாலும் சென்னையானாலும் சட்டம் ஒன்றே. ஆனால் மற்ற எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுக்கும் செலவு வழக்குப் போட்டவர் தலையில்தான் விழும். கூலிக்காரன் ஒருவனால் அதைத் தாங்க முடியாது.

சங்கத்தால் முடியும். அதற்குத்தான் சங்கம்!