நாடிழந்தவரின் மனநோவு



மக்காவைத் துறந்து மதீனா வந்த பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் வீழ்ந்தார்கள். அது தணியும்போதெல்லாம் மக்காவின் பள்ளத்தாக்கையும் மலைகளையும் எண்ணிக் கவிதையாய் ஏங்கினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதை எடுத்துரைத்தபோது, நபி (ஸல்) அவர்கள் ஈமானில் குறை என்று கடிந்துகொள்ளவில்லை. மதீனாவின் மீதும் அதே அன்பை உண்டாக்குமாறு துஆச் செய்தார்கள்.

பிலாலுக்கு அன்ஸார்கள் இருந்தார்கள். படகேறி வந்து, ஆஸ்திரேலிய அரசால் நவ்ரூ தீவுக்கு அனுப்பப்பட்ட ஈரானியருக்கும் சோமாலியருக்கும் இலங்கைத் தமிழருக்கும் யார் இருந்தார்? 2017 நவம்பர் முதல் 2018 அக்டோபர் வரை அங்கே ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு சிகிச்சையளித்த அகதிகளும் புகலிடம் கோரியோரும் 208 பேர். அவர்களில் 124 பேருக்கு உயிரை மாய்க்கும் எண்ணம் இருந்தது. 63 பேர் முயன்றே விட்டனர். கடலைத் தாண்டியவர்களை, என்று முடியுமென அறியாத காத்திருப்பு முறித்துவிட்டது!

தற்கொலை ஹராம், ஐயமில்லை. ஆயினும் அதைத் தடுக்கும் அன்னிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம், அல்லாஹ்வின் கருணையைச் சொல்லியே நிறைவுறுகிறது. நாமோ தடையை மட்டும் ஓதித் துவண்டவரை அச்சுறுத்துகிறோம். (மிம்பரில் நிற்கும் எங்களுக்கும் இதில் பங்குண்டு.)

நாடிழந்த ஒருவர் உங்கள் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாரா? தேடிச் செல்லுங்கள். உயிரை விடத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை. ஆமென்றால் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். புகலிட மனு மறுக்கப்பட்ட கடிதம் வரும் நாளில் அவர் வீட்டில் இருங்கள்.