ஆயுத உதவியா? சமாதானப் பேச்சா?

(திருவண்ணாமலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் யாதெனில், ஒரு யுத்தம் நடந்து கொண்டிருக்கும்போது வெளியார் ஒரு கட்சிக்கு ஆயுத உதவி செய்து கொண்டே போவதா, அல்லது அதை நிறுத்தி இருவரையும் பேச்சில் இறங்கச் செய்வதா என்பதாகும். 2022-ல் ரஷ்யா உக்ரேனுக்குள் படை நடத்தியது முதல் உலகமெங்கும் இந்த விவாதம் நடந்து வந்திருக்கின்றது. "ஆயுதம் கொடுத்தால் சாவுதான் நீளும்" என்கின்றார்கள் ஒரு சாரார். "நிறுத்தினால் பலவான் இஷ்டமே சமாதானமாகிவிடும்" என்கின்றார்கள் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கின்றது. ஆனால், உதவுகிறவன் எதற்காக உதவுகிறான், எழுதிய ஒப்பந்தம் மீறப்பட்டால் யார் ஜவாப்தாரி என்பவைகளை இரு சாராரும் கேட்பதாகக் காணோம்.

இதற்குச் சாட்சி தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த ஊரே சாட்சி. 1767-ல் ஐதரலியும் நிஜாமும் சேர்ந்து வந்தபோது, கும்பினித் தளகர்த்தன் ஸ்மித் செங்கத்தில் சண்டையிட்டு, பின்வாங்கி வந்து சேர்ந்தது இந்தத் திருவண்ணாமலைக்குத்தான். இங்கு நடந்த சண்டையில் ஐதரும் நிஜாமும் தோற்றார்கள். அந்த நிஜாமின் சிநேகத்தைப் பாருங்கள்! 1766-ல் கும்பினியோடு உடன்படிக்கை; 1767-ல் ஐதரோடு கூட்டு; 1768-ல் திரும்பவும் கும்பினியோடு உடன்படிக்கை. துணை வந்தவர் துணை வந்ததெல்லாம் தம் லாபத்துக்கேயாகும்.

சரி, பேச்சாவது நிலைத்ததா? 1769-ல் ஐதர் சென்னப்பட்டணத்தின் வாசலுக்கே வந்த பிறகு சமாதானம் ஏற்பட்டது. பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுப்பதென்றும், ஒருவரை வேறொருவர் தாக்கினால் மற்றவர் உதவுவதென்றும் எழுதிக் கொண்டார்கள். பின்னர் மராட்டியர் ஐதர் மீது படையெடுத்தபோது கும்பினியார் உதவிக்குப் போகவில்லை. 1780-ல் மறுபடியும் யுத்தம் மூண்டு கர்நாடகச் சீமை பாழாயிற்று. நிஜாமும் கும்பினியும் மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டார்கள். வீடும் வயலும் இழந்த குடியானவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

"இது ராஜாக்கள் காலத்துக் கதை" என்று சிலர் சொல்லலாம். அப்படியானால் இலங்கையைப் பாருங்கள். 1983 ஜூலைக் கொலைகளுக்குப் பின் இந்திய சர்க்கார் தமிழ் இளைஞர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. 1985-ல் திம்புவில் பேச்சும் நடத்தி வைத்தது. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆயுதம் ஏந்திப் போராடியவர்கள் அதில் கையெழுத்திடவில்லை. அக்டோபரிலேயே, சமாதானம் காக்கப்போன இந்தியப் படை புலிகளோடு சண்டையில் இறங்கிவிட்டது. 1990 மார்ச்சில் அது திரும்பியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் மாண்டிருந்தார்கள். அந்த ஒப்பந்தப்படி இணைத்த வடக்கு, கிழக்கு மாகாணங்களை 2006-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு பிரித்துவிட்டது.

நார்வே நடுநின்று 2002-ல் செய்த போர்நிறுத்தமும் அப்படியே. 2003-ல் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். 2008-ல் சர்க்கார் போர்நிறுத்தத்தையே உதறியது. சீனா, பாகிஸ்தான் முதலிய நாடுகளின் ஆயுதம் சர்க்காருக்குக் கிடைத்துக் கொண்டிருந்தது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 குடிமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2011-ல் சொல்லிற்று. தப்பி வந்தவர்களின் முகாம்கள் நமது ஜில்லாவிலும் இருக்கின்றன.

ஆகவே, ஆயுதத்தை உடனே நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. உக்ரேன் தன்னிடமிருந்த அணு ஆயுதங்களைக் கைவிட்டபோது, அதன் எல்லையை மதிப்பதாக 1994-ல் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்டன. 2014-ல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக் கொண்டது. காவலில்லாத காகிதம் என்ன பிரயோஜனம்? வீடு புகுந்து அடிக்கிறவனைத் தடுக்க, அடிபடுகிறவன் கையில் ஒரு தடியாவது இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் உதவுகிறவன் எதுவரை, எதற்காக என்பதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். சொல்லாத உதவி வியாபாரமேயாகும். உதவி நடக்கும்போதே பேச்சும் நடக்க வேண்டும். அந்தப் பேச்சில், யுத்தம் நடக்கும் மண்ணில் வாழும் ஜனங்களுக்கு இடமிருக்க வேண்டும். மீறினால் தண்டனை என்ன, அதை நிறைவேற்றுகிறவர் யார் என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும். இவை இல்லாவிட்டால் ஆயுதமும் மோசம், சமாதானமும் மோசமென்பதே நமது அபிப்பிராயம்.

தோழர்களே, நாம் சொல்லுகிறோமென்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இனி எவராவது மேடையேறி "ஆயுதம் கொடு" என்றாலும், "சமாதானம் செய்" என்றாலும், "சாகப்போகிறவனைக் கேட்டீரா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு வரும் பதிலைக் கொண்டு அவர் யோக்கியதையை நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.