பனியனில் ஓடும் செய்தி

(உழவர்களும் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் கூடிய கூட்டத்தில் திருப்பூர்ப் பகுதி வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

ஊராட்சிப் பெருமக்களே! உழவர் பெருமக்களே!

திருப்பூர்ப் பனியனை உலகம் அறியும். உடம்பை மூடும் துணியே உடம்பின் நிலையை மருத்துவருக்கு அறிவிக்கவும் கூடும் என்பதை இன்று கூற விரும்புகிறோம். இது கற்பனையன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சுந்தரேசன் ஜெயராமன் என்னும் ஜவுளி அறிஞரும் அவர் குழுவினரும், அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் 1996-ஆம் ஆண்டு முதல் இத்தகைய சட்டையை உருவாக்கினர். நாடியையும் மூச்சையும் அறியும் உணரிகள் அதில் பொருந்தின; நூலோடு சேர்ந்த இழைகளே செய்தி செல்லும் பாதையாயின.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிற்று. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளோரை ஊழியர்கள் வீட்டிலேயே கண்டு மருந்தளிக்கின்றனர். அவர்கள் வராத நாட்களில் நோயாளியைக் கவனிக்க, உடலில் அணியும் உணரிகள் துணையாகலாம். ஆயினும் அவற்றை ஏற்குமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். மின்கலம் எத்தனை நாள் தாங்கும்? செய்தி யார் கைக்குப் போகும்?

உணரியில் இருப்பது மிகச் சிறிய மின்கலம். அதில் பெரும்பகுதி, வானொலி அலையில் செய்தி அனுப்புவதிலேயே செலவாகிவிடுகிறது. நம் உடம்பில் உள்ள நீரோ அவ்வலையை உறிஞ்சிவிடும். ஆகவே முதுகில் உள்ள உணரி, முன்புறம் உள்ள கைபேசிக்கு நேரே அனுப்ப முயல்வதினும், விலாவில் உள்ள மற்றோர் உணரியிடம் கொடுத்து அனுப்புவது பல சமயம் சிக்கனமாகும். ஆனால் என்றும் அந்த ஒன்றே சுமந்தால் அதன் மின்கலம் முதலில் தீரும். எனவே முறை மாற்றிச் சுமக்க வேண்டும். ஹைன்செல்மன், சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய அறிஞர் மூவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லீச்’ முறையின் சாரம் இதுவே. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்து நீர் விடுவதை அறிந்த நமக்கு இது விளங்கும். அங்கே பயனுக்கு முறை; இங்கே சுமைக்கு முறை.

கைமாறும் இடத்தில்தான் ஆபத்தும் உண்டு. ‘என் வழியே குறுக்கு வழி’ என்று பொய் கூறி, போலிக் கருவியொன்று செய்திகளை விழுங்கலாம்; உறங்கும் உணரியை ஓயாமல் எழுப்பி மின்கலத்தைத் தீர்க்கலாம். இத்துறைக்கென 2012-இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.15.6 என்னும் தரவிதி மூன்று நிலைகளைக் கூறுகிறது: காவலே இல்லாதது; அடையாளத்தை மட்டும் சரிபார்ப்பது; அடையாளம் பார்த்துச் செய்தியையும் சங்கேதத்தால் பூட்டுவது. மூன்றாவதையே நாம் கேட்டுப் பெறவேண்டும். பூட்டுவதற்கும் சிறிது மின்சாரம் செலவாகும். அதை மிச்சம் பிடிப்பது, வேலிச் செலவை மிச்சம் பிடித்து வெள்ளாமையை ஆட்டுக்குக் கொடுப்பது போலாகும்.

ஊர் ஊராகச் செல்லும்போது, பனியன் கம்பெனிக்குப் புறப்படும் பெண்களைக் காலைதோறும் காண்கிறோம். அவர்களுள் ஒருவருடைய நாடியும் சோர்வும் கணக்காகி வேலையிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், மருத்துவத்துக்கு வந்த கருவியே கூலிக்கு உலை வைக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மனமுவந்த இசைவையும் அதைத் திரும்பப் பெறும் உரிமையையும் கூறுகிறது.

ஆகவே, யாரேனும் இத்தகைய கருவியுடன் ஊருக்கு வந்தால், செய்தி எங்கே சேரும், யார் திறப்பார், வேண்டாமென்றால் அழிப்பாரா என்று கிராம சபையில் கேளுங்கள். விடையை எழுத்தில் பெறுங்கள். பனியன் யார் பின்னியதாயினும், அதில் ஓடும் செய்தி அணிந்தவருக்கே உரியது.