ஜூலியானா என்னும் பெயர்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாமோ மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்துவருகிறோம். பெரும்புலவர்களைப் பற்றிப் பேசத் தகுதி படைத்தோர் இம்மேடையிலேயே நால்வர் வீற்றிருக்கின்றனர். ஆகவே நாம் ஒரு பெயரைப் பற்றி மட்டும் பேச எடுத்துக்கொண்டோம். அது தமிழ்ப் பெயருமன்று. போர்ச்சுகல் நாட்டுப் பெண்மக்கள் இட்டுக்கொள்ளும் பெயர். ஜூலியானா என்பது அது.

கிடர்பூரில் வாழும் தமிழருக்கு இப்பெயரோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு நம் கைப்பிழையால் வந்தது. அதனை முதலில் சொல்லிவிடுதல் முறை.

நாம் வேலைக்கு வந்த புதிதில், தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த கலாசி ஒருவர் தம் குடும்ப விவரத்தைப் பதிவு செய்ய வந்தார். எழுதப் படிக்க அறியாதவர். மனைவியின் பெயரைக் கேட்டோம். அவர் வாயால் சொன்னதை நாம் காதால் கேட்டு, ‘ஜுலேனா’ என்று பாரத்தில் எழுதினோம். அவர் பெருவிரல் ரேகை வைத்துவிட்டுப் போனார். பல ஆண்டுகள் சென்றன. பணியிலிருக்கும்போதே அவர் காலமானார். குடும்ப பென்ஷனுக்காக அவர் மனைவி காகிதங்களோடு வந்தபோதுதான் வினை வெளிப்பட்டது. ஆதார் அட்டையில் ஜூலியானா, வங்கிப் புத்தகத்தில் சூலியம்மாள், அலுவலகப் பாரத்தில் ஜுலேனா. ஒருத்திக்கு மூன்று பெயர்! மூவரும் ஒருவரே என்று நிலைநாட்ட மாஜிஸ்திரேட் முன் பிரமாணப் பத்திரம், பங்குச் சாமியாரின் ஞானஸ்நானச் சான்று, அண்டை வீட்டார் இருவரின் சாட்சி என்று பதினொரு மாதங்கள் ஓடிவிட்டன. அத்தனை மாதமும் அவ்வம்மையார் அதிகாலையில் இட்லி அவித்து, துறைமுகத்திற்குச் செல்லும் தொழிலாளருக்கு விற்றுக் குடும்பத்தைக் காத்தார். ஒருநாள் அப்பழைய பாரத்தை நம் மேசைமீது வைத்து, "இது உங்க கையெழுத்துதானே தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தலையசைத்தோம். வேறொன்றும் பேச நா எழவில்லை.

இது ஒருபுறம் இருக்க, அவ்வாண்டின் இறுதியில் உறவினர் ஒருவரைப் பார்க்கத் தில்லிக்குச் சென்றிருந்தோம். ஓக்லாப் பக்கம் பேருந்தில் செல்லும்போது நிறுத்தத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது: ‘சராய் ஜுலேனா’. நாம் எழுதிய பிழை அப்படியே பலகையில் நின்றது! திடுக்கிட்டோம். பக்கத்திலிருந்தவரை விசாரித்தோம். "அது ஒரு கிராமத்தின் பெயர்" என்றார். அதற்குமேல் அவர் அறியார். கல்கத்தா திரும்பியபின் நூல் வாங்கிப் படித்தும், அறிந்தோரைக் கேட்டும் தெரிந்துகொண்டதையே இங்குக் கூறுகிறோம்.

பெயரின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. உரோமாபுரியில் ஜூலியஸ் என்பது ஒரு பழங்குலத்தின் பெயர். ஜூலியஸ் சீசர் அக்குலத்தவர். அக்குலத்தைச் சார்ந்தவன் ஜூலியானுஸ், சார்ந்தவள் ஜூலியானா. நாம் சம்பளப் பட்டியலில் ஆண்டுதோறும் எழுதும் ஜூலை மாதமும் அந்தச் சீசரின் பெயரால் வந்ததே. இலத்தீனில் இதன் முதலெழுத்துக்கு யகர ஒலி. இலங்கைத் தமிழர் இன்றும் ‘யூலை’ என்றெழுதுவது அவ்வொலிக்கு நெருங்கியது.

கிறித்தவர்களிடையே இப்பெயர் பரவியதற்குக் காரணம் நிக்கொமீதியா நகரில் வேதசாட்சியாக உயிர்நீத்த ஜூலியானா என்னும் கன்னிகை. அவர் திருநாள் பிப்ரவரி 16. பின்னர், பெல்ஜியத்திலுள்ள லியேழ் நகரத்துத் துறவி ஜூலியானா நற்கருணைக்கெனத் தனித் திருவிழா வேண்டும் என்று நெடுங்காலம் வற்புறுத்தி, அது எங்கும் நிலைபெறுமுன் 1258இல் இறந்தார். 1264இல் பாப்பரசர் நான்காம் உர்பன் அவ்விழாவை எங்கும் கொண்டாடக் கட்டளையிட்டார். நம் காலத்திற்கு அருகில், ஒல்லாந்து நாட்டை 1948 முதல் 1980 வரை ஆண்ட அரசியும் ஜூலியானாவே. 1949 டிசம்பரில் இந்தோனேசியாவின் சுதந்திரத்திற்குக் கையெழுத்திட்டவர் அவர். போர்ச்சுகீசியரைக் கொச்சியிலிருந்து விரட்டிய ஒல்லாந்தருக்கே அப்பெயருடைய அரசி வாய்த்தது வேடிக்கைதான்.

இனித் தில்லி ஜூலியானாவைப் பார்ப்போம். அவர் முழுப்பெயர் ஜூலியானா தியாஸ் த கோஸ்தா. தந்தையார் அகோஸ்தீனோ என்பவர், வைத்தியர். குடும்பம் மொகலாயர் அரண்மனைக்கு வந்த வழியைப் பற்றி இருவேறு வரலாறுகள் வழங்குகின்றன. 1663இல் கொச்சி ஒல்லாந்தர் வசமானபோது அங்கிருந்து வெளியேறியவர்கள் என்பது ஒன்று. மற்றொன்று நம் வங்காளத்தோடு தொடர்புடையது. 1632இல் ஷாஜஹானின் படை ஹூக்ளியிலிருந்த போர்ச்சுகீசியர் குடியிருப்பை முற்றுகையிட்டுப் பிடித்தது; சிறைப்பட்ட ஆடவர், பெண்டிர், குழந்தைகள் ஆக்ராவுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். ஜூலியானாவின் தாயார் அவ்வாறு கொண்டுபோகப்பட்டவர்களுள் ஒருவர் என்பர். பாண்டேல் மாதா கோவிலுக்கு நம்மில் பலர் டிசம்பர் மாதத்தில் குழந்தைகளோடு சென்று, ஹூக்ளிக் கரையில் அமர்ந்து புளியோதரை உண்டு திரும்புகிறோம். அந்தக் கரையிலிருந்து புறப்பட்ட கதை இது.

ஜூலியானா ஔரங்கசீப்பின் மகன் முவாசம் என்பவரின் மாளிகையில் பணியேற்றார். 1687இல் தந்தை மகன்மீது ஐயுற்று அவரைச் சிறையிலடைத்தார். சிறைவாசம் 1695 வரை நீடித்தது. வாழ்வில் சூழ்ந்திருந்தோர் தாழ்வில் விலகுவது உலக வழக்கம். ஜூலியானா விலகவில்லை. அடைபட்டிருந்த குடும்பத்திற்கு வேண்டியவற்றைத் தமக்கு வரும் கேட்டையும் பாராது செய்துவந்தார். ஔரங்கசீப் 1707இல் இறந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் ஆக்ராவுக்கருகே ஜாஜௌ என்னுமிடத்தில் சகோதரரிடையே போர் மூண்டபோது, ஜூலியானா யானைமீதேறி முவாசத்தின் பக்கத்தில் நின்றார் என்றும் எழுதியுள்ளனர். வென்ற முவாசம் பகதூர் ஷா என்னும் பெயரோடு அரியணை ஏறினார். ஜூலியானாவுக்குச் சன்மானங்களும் ஜாகீரும் கிடைத்தன. ஒருகாலத்தில் இளவரசர் தாரா ஷிகோவுக்குரியதாயிருந்த மாளிகையும் அவருக்கு அளிக்கப்பட்டது என்பர்.

அதன்பின் அரசவையில் காரியம் முடிக்க விரும்பிய ஐரோப்பியர் யாவரும் அவர் வாயிலில்தான் வந்து நின்றனர். 1711இல் லாகூருக்கு வந்த ஒல்லாந்துத் தூதர் கேத்தலார் அவர் துணையை நாடினார். இந்தக் கேத்தலார்தாம் ஹிந்துஸ்தானி மொழிக்கு முதன்முதல் இலக்கணம் எழுதிய ஐரோப்பியர். 1714இல் தில்லியிலிருந்து திபேத்துக்குப் புறப்பட்ட இத்தாலியச் சேசுசபைக் குரு தெசிதேரியும் அவர் உதவியைப் பெற்றவர். பேரரசர்கள் வந்தனர், கொல்லப்பட்டனர், மாறினர். பகதூர் ஷா 1712இல் இறந்தபின் தில்லி அரியணை பட்ட பாட்டை நீங்கள் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அத்தனை சூறாவளியிலும் ஜூலியானா நிலைத்திருந்து 1734இல் காலமானார். அவருக்குப் பின் அவர் குடும்பப் பெண்டிர் அப்பணியை வகித்தபோது, ‘ஜூலியானா’ என்பதே அவர்களுக்குப் பட்டமாக வழங்கியது என்றும் கூறுவர். ஒருத்தியின் பெயர் உத்தியோகத்தின் பெயராயிற்று!

அக்பர் காலத்தில் அரண்மனையில் ஜூலியானா என்ற வைத்தியப் பெண்மணி இருந்தார் என்றொரு கதையும் உண்டு. அவரையும் இவரையும் ஒருவராக்கிக் குழப்புவோர் பலர். இடையே நூறாண்டுக்கு மேலான தூரம் இருப்பதை அவர்கள் கருதுவதில்லை.

வழிப்போக்கர் தங்குவதற்காக அவ்வம்மையார் ஒரு சத்திரம் கட்டுவித்தார். அதனால் எழுந்ததே சராய் ஜுலேனா. சராய் என்றால் சத்திரம். சத்திரம் போயிற்று, மாளிகை போயிற்று, உருமாறிய பெயர் மட்டும் பேருந்துப் பலகையில் நிற்கிறது. அருகில் பெரிய மருத்துவமனைகள் இருப்பதால் மலையாளச் செவிலியர் பலர் அங்கு வாடகைக்குக் குடியிருக்கின்றனர். ஊர்விட்டு ஊர் வந்தவருக்கு அவ்விடம் இன்றும் சத்திரமாகவே இருக்கிறது.

போர்ச்சுகீசியர் நமக்குப் புதியவரல்லர். இக்கிடர்பூருக்கு அக்கரையில், சிப்பூர்ப் பக்கத்துப் பேத்தோரில், பதினாறாம் நூற்றாண்டில் அவர்களுடைய கப்பல்கள் நங்கூரமிட்டன. ஆண்டுதோறும் ஓலைக் குடிசைகளால் ஒரு சந்தையூரை எழுப்பி, புறப்படும்போது கொளுத்திவிட்டுப் போவார்களாம். சொற்களை மட்டும் கொளுத்தாமல் விட்டுச் சென்றனர். நாம் ஜன்னல் என்கிறோம். அடுத்த வீட்டு வங்காள அம்மையார் ஜானாலா என்கிறார். நமக்குச் சாவி, அவருக்குச் சாபி. நமக்கு ஏலம், அவருக்கு நிலாம். அன்னாசிப் பழத்தை அவர் ஆனாரஸ் என்று வாங்குகிறார். அலமாரி இரு வீட்டிலும் அலமாரிதான். வங்காளியும் தமிழரும் ஒருவர் சொல்லை மற்றவர் கடன் வாங்கவில்லை. இருவரும் ஒரே கப்பலில் இறங்கியதை எடுத்துக்கொண்டோம்.

பெயர்களும் அவ்வாறே. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றதுமுதல் போர்ச்சுகீசியப் பெயர்கள் நம் நாவுக்கேற்பத் திரிந்து வழங்கலாயின. மதலேனாள் வந்தார், ரோசம்மாள் வந்தார், சூலியம்மாள் வந்தார். தமிழ் மரபில் ஜகரம் முதலில் வாராது. ஆகவே சூலி என்றாயிற்று. இது பிழையன்று, தமிழாக்கம். இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார் தம் கொன்ஸ்தான்சோ என்ற பெயரைத் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். தம் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் ஆக்கினார். பெயருக்குரியோர் மனமொப்பி மாற்றுவது அழகு. குமாஸ்தாவின் காது மாற்றினால், பதினொரு மாதம் இட்லி அவிக்க நேரிடுகிறது.

நம் காலனியில் இத்தகைய வில்லங்கம் கிறித்தவக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. விசாலாட்சி ‘பிஷாலாக்கி’ ஆகியிருக்கிறார். வள்ளியம்மை ‘பல்லி’ ஆகியிருக்கிறார். வங்காளத்தில் வகரம் பகரமாவதன் பயன் இது. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக வைக்கும் நம் வழக்கமும், குடும்பப் பெயர் கேட்கும் பாரங்களும் ஒத்துப்போவதில்லை. கணவர்மார் தத்தம் பணிப்பதிவேட்டில் மனைவியின் பெயர் எவ்வாறு உள்ளதென்று பார்ப்பதே இல்லை. உயிரோடிருக்கும்போது திருத்துவதற்கு ஒரு விண்ணப்பம் போதும். பின்னர் திருத்துவதற்கு விதவை அலையவேண்டும். வரும் ஞாயிறு முதல் மாதம் முழுவதும், மாலை நான்கு மணி தொட்டு ஆறு மணிவரை, சங்கத்து நூலக அறையில் நாம் அமர்ந்திருப்போம். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பணிப்பதிவின் நகல் மூன்றையும் கொண்டுவாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்து, விண்ணப்பம் எழுதித் தருகிறோம். கட்டணம் இல்லை. தேநீர் மட்டும் செயலாளர் அவர்கள் தருவதாக இசைந்துள்ளார்.

அவ்வம்மையாருக்குப் பென்ஷன் நிலுவையோடு கிடைத்துவிட்டது. ஆணை வந்த அன்று அலுவலகத்திற்கு வந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டியில் இட்லி இருந்தது. ஆணையில் தம் பெயரை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். அவருக்கு நிறைவு உண்டாகவில்லை. "ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க தம்பி" என்றார். விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னோம். கடைசி எழுத்து வந்ததும் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு, தூக்குச்சட்டியை நம் மேசைமீது வைத்துவிட்டுச் சென்றார்.